தலைக்கு மேலே மின்கம்பி, கையில் வாளி

கிள்ளான், மேரு சாலையை ஒட்டிய ஒரு காலி நிலத்தில் அப்பா காய்கறி போடுகிறார். நிலம் அவருடைய நண்பருடையது. "சும்மாதானே கிடக்குது, நீ ஏதாவது போட்டுக்கோ" என்று விட்டுக்கொடுத்தார். கொஞ்சம் தள்ளி உயர் அழுத்த மின்கோபுரங்கள் வரிசையாகப் போகின்றன. நம் நாட்டில் இந்தக் கம்பிகள் 132, 275, 500 கிலோவோல்ட் என மூன்று அளவுகளில் ஓடுகின்றன. மழை பெய்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று அவை இரைவது தோட்டத்துக்கே கேட்கும்.

ஆனால் அப்பாவின் தோட்டத்தில் ஒரு பிளக் பாயிண்ட் கிடையாது. வீடில்லாத நிலத்துக்கு மீட்டர் வாங்கி, கம்பி இழுத்து வருவதெல்லாம் கத்தரிக்காய் விற்று ஈடுகட்டக்கூடிய செலவு இல்லை. குழாய்த் தண்ணீரும் இல்லை. இருப்பது ஒரு கிணறு. கிணறு என்று சொல்வதுகூட அதிகம், ஒரு பெரிய குழி. கடலோரச் சமவெளி என்பதால் ஆறடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது.

அதிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றித்தான் நான்கு வருடமாக வெண்டை, கத்தரி, பயற்றங்காய், மிளகாய், கீரை எல்லாம் வளர்ந்தன. போன வருடம் அப்பாவின் வலது முழங்கால் மடங்க மறுத்தது. "கனம் தூக்காதீங்க ஐயா" என்றார் மருத்துவர். "அந்தத் தோட்டத்தை விட்ருங்கப்பா, பாசார்ல மூனு வெள்ளிக்கு வெண்டக்கா கிடைக்குது" என்றான் அண்ணன். அப்பா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு வழக்கம்போல மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எவ்வளவு தூக்குகிறார் என்று அன்றுதான் கணக்குப் போட்டேன். நம் வெயிலில் காய்கறிப் பாத்திக்கு, மழை இல்லாத நாளில், சதுர மீட்டருக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் வேண்டும். அப்பாவின் பாத்திகள் மொத்தம் முப்பது சதுர மீட்டர். அப்படியானால் நாளுக்கு 120 முதல் 150 லிட்டர். பத்து லிட்டர் பூவாளி என்றால் பதினைந்து நடை, நடைக்குப் பத்து கிலோ. முழங்கால் மடங்காதவருக்கு!

காலை நிகழ்ச்சியில் ஒருநாள் பாட்டுக்கு நடுவே இதைச் சொல்லிவிட்டேன். வானொலியில் எதையும் சொல்லக்கூடாது என்பது என் அனுபவம். சொன்னால் ஆளுக்கொரு யோசனை வந்து குவியும். அன்றும் அப்படித்தான். அவற்றில் பாதியை நாங்கள் செய்து பார்த்தோம், அதில் பாதி வேலை செய்தது.

முதலில் எல்லாரும் சொன்னது மழைநீர். கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அப்படிப்பட்ட ஊரில் குழியில் தண்ணீர் மொள்வது கொஞ்சம் வேடிக்கைதான். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். தோட்டத்தில் பத்தடிக்குப் பத்தடி தகரக் கொட்டகை இருக்கிறது, ஒன்பது சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் 20 மில்லிமீட்டர் கொட்டினால் சிந்தியது போக 150 லிட்டர் சேரும். ஒரு மழை, ஒரு நாள் தண்ணீர்.

அண்ணன் மனமிரங்கி 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை வாங்கி வந்தான். (பழைய டிரம் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். சமையல் எண்ணெய், சாஸ் என்றால் சரி. கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால் வேண்டாம்.) வைத்தான், போய்விட்டான். மூடி போடவில்லை. எட்டாம் நாள் அப்பா எட்டிப் பார்த்தால் உள்ளே புழுக்கள் நெளிகின்றன. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். டிங்கி அதிகமுள்ள சிலாங்கூரில் இது விளையாட்டில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 ரிங்கிட் அபராதமும் வரும். டிரம்மைக் கவிழ்த்தோம். இப்போது வாயில் மெல்லிய வலை, அதன்மேல் மூடி, மழைக்குழாய் நுழையும் இடத்திலும் வலை. இதைச் செய்ய மனமில்லாதவர்கள் மழைநீர் சேகரிக்கவே வேண்டாம்.

அடுத்து, டிரம்மை உயரத்தில் ஏற்றினோம். சிமெண்டுக் கல் அடுக்கி மூன்றடி. நிறைந்த டிரம் 200 கிலோ, அடித்தளம் சாய்ந்தால் ஆபத்து. அப்பா அரை நாள் அதை மட்டும் மட்டம் பார்த்தார். உயரம்தான் இங்கே மோட்டார். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கொடுக்கும். மூன்றடிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தக் கணக்கைப் போடாமல்தான் நான் இணையத்தில் ஒரு சொட்டுநீர்க் குழாய் செட் வாங்கினேன். 90 ரிங்கிட். மாட்டினோம். ஒரு சொட்டு வரவில்லை. அது எல்லாத் துளைக்கும் ஒரே அளவு தண்ணீர் தருவதற்காக அழுத்தத்தைச் சமன்படுத்தும் வகை; வீட்டுக் குழாய் அழுத்தம் இருந்தால்தான் திறக்கும். டிரம்மிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அந்த மாதிரி ஆகாது. சாதாரணத் துளைக் குழாய் வேண்டும், அதுவும் குட்டையாக. அப்பா பழைய கறுப்பு ஹோஸை எடுத்து, ஊசியைச் சூடாக்கி, ஓரடிக்கு ஒன்றாகத் துளை போட்டார். மறுமுனையைக் கட்டினார். சொட்டியது. கறுப்பு ஹோஸ் என்பதால் உள்ளே பாசி பிடிப்பது குறைவு. டிரம் குழாயில் ஒரு துணி வடிகட்டி, வாரம் ஒருமுறை முனையை அவிழ்த்துக் கழுவிவிடுவது, அவ்வளவுதான் பராமரிப்பு. என் 90 ரிங்கிட் இன்னும் பெட்டியில் இருக்கிறது.

மழை இல்லாத நாளில் டிரம்மை நிரப்புவது எப்படி? நம் பக்கத்தில் ஜனவரிக் கடைசி, பிப்ரவரி, பிறகு ஜூன், ஜூலை காய்ந்துவிடும். 2014இல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்ததே, அது பிப்ரவரி வறட்சியில் தொடங்கியதுதான்.

பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தம்பி, அவர் ஊர்ப் பக்கம் காலால் மிதித்தே தண்ணீர் இறைப்பார்கள் என்றார். ரங்பூரில் 1970களின் கடைசியில் கன்னார் பார்ன்ஸ் என்ற நார்வே பொறியாளர் மூங்கிலும் இரும்பும் வைத்துச் செய்த மிதி பம்பு அது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. கேட்டதும் அப்பாவுக்குத் தாத்தா சொன்ன ஏற்றம் ஞாபகம் வந்துவிட்டது. கம்பத்தின் மேல் கிடக்கும் நீண்ட மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் சாலைப் பிடித்துக் கவிழ்க்க, எத்தனை சால் என்பதைப் பாட்டாலேயே எண்ணுவார்களாம். அரைமணி நேரம் இதையே பேசிக்கொண்டிருந்தோம். மிதிப்பதற்கு முழங்கால் வேண்டுமே என்பது அதற்குப் பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

கடைசியில் சூரியசக்தி. 50 வாட் தகடு ஒன்று, 12 வோல்ட் சிறிய பம்பு ஒன்று. பேட்டரி இல்லை. பேட்டரிதான் விலை, அதுதான் முதலில் கெட்டுப்போவதும். வெயில் இருக்கும்போது பம்பு ஓடி டிரம்மை நிரப்பட்டும், தண்ணீரைத் தேவையான நேரத்தில் இறக்கிக்கொள்ளலாம். கிணற்றிலிருந்து டிரம் வாய் வரை நான்கு மீட்டருக்குள்தான். காலை ஒன்பதரைக்கு மேல்தான் பம்பு கிளம்புகிறது, மேகம் வந்தால் முனகி நிற்கிறது. நல்ல வெயிலில் நிமிடத்துக்கு நான்கு லிட்டர். ஒரு மணி நேரத்துக்குள் டிரம் நிறைந்துவிடும். தகட்டை அங்கேயே விட்டுவர முடியாது. அப்பா அதைப் பழைய போர்வையில் சுற்றி, கப்சாயின் பின்னால் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறார். டிரம், தகடு, பம்பு, ஹோஸ் எல்லாம் சேர்த்து 380 ரிங்கிட் ஆனது, என் 90 நீங்கலாக.

இத்தனையிலும் எனக்குப் பிடித்த யோசனை பிரிக்பீல்ட்சிலிருந்து வந்தது. நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்து அக்கா, நான்கு பூந்தொட்டியும் ஒரு பாத்தியுமாகத் தோட்டம் வைத்திருப்பவர். பொங்கல் முடிந்ததும் மண்பானையை என்ன செய்கிறாய் என்று கேட்டார். அலமாரி மேல் வைப்பேன், அடுத்த வருடம் புதிது வாங்குவேன். "மண்ணுல புதைம்மா" என்றார்.

கழுத்துவரை புதைத்து, தண்ணீர் ஊற்றி, மூடி வைத்துவிட வேண்டும். சுட்ட மண்ணின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசியும். சுற்றியுள்ள மண் காய்ந்தால் அதிகம் கசியும், ஈரமாக இருந்தால் தானே குறைந்துவிடும். சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்சி எழுதிய வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது. பளபளப்புப் பூச்சு இல்லாத பானையாக இருக்க வேண்டும். நம் பொங்கல் பானையில் சாயம் தீட்டி விற்கிறார்கள், அதைச் சுரண்டிவிடுங்கள், இல்லையென்றால் துளை அடைத்துக்கொள்ளும். மிளகாய், கத்தரி, தக்காளியைப் பானையிலிருந்து ஓரடிக்குள் நடலாம். நெருக்கமாகத் தூவும் கீரைக்கு இது சரிவராது.

போன பொங்கலுக்குப் பிறகு சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் கேட்டு ஒன்பது பானைகள் சேர்த்தேன். இரண்டு வழியிலேயே உடைந்தன. ஏழும் பிப்ரவரி வெயிலில் மூன்று நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் போதுமாக இருந்தது.

இடம் இல்லையே என்பவர்கள் ஒருமுறை கெபுன் கெபுன் பங்சார் போய்ப் பாருங்கள். நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் முன்னின்று 2017இல் தொடங்கிய சமூகத் தோட்டம். மின்கம்பிப் பாதைக்கென ஒதுக்கிய சரிவு நிலத்தில்தான் அத்தனை செடிகளும். சரிவாக இருந்தால் டிரம்முக்குக் கல் அடுக்கும் வேலையும் மிச்சம்.

காய்ந்த இலையும் லாலாங் புல்லும் பாத்தியில் பரப்பினால் தண்ணீர் இன்னும் குறையும் என்று பலர் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் பாம்பு வரும் என்று அப்பா பிடிவாதமாக மறுக்கிறார். இரண்டு பாத்திக்கு மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது.

இப்போது அவர் தூக்குவது வாசலோரக் கறிவேப்பிலைக்கு ஒரு பூவாளி, அதுவும் பாதி. வரும் ஞாயிறு கிணற்றை இன்னும் இரண்டடி ஆழப்படுத்த வேண்டும், ஜூன் வருகிறது. அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். மண்வெட்டி அவன் வீட்டில்தான் இருக்கிறது, போன வருடம் வாங்கிப் போனது.