இரவிபுத்தன்துறையின் இடது ஓர ஆட்டக்காரர்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து தெற்கே புதுச்சேரி நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், நகரை எட்டுவதற்குச் சற்று முன்பாக வருவது பெரிய முதலியார்சாவடி. வெயில் தாழ்ந்ததும், கரையேற்றிய படகுகளுக்கும் அலைக்கும் இடையே கிடக்கும் மணலில் சிறுவர்கள் பந்து உதைப்பதை இக்கரையோர ஊர்களில் காணலாம். கழற்றி வைத்த செருப்புகளே அவர்களுக்கு இலக்குக் கம்பங்கள். நடுவர் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. இருட்டினால் ஆட்டம் முடிந்தது. “பந்தை உதைத்தால் சோறு கிடைக்குமா?” என்று அன்னையர் கேட்பதும் இங்குப் புதிதன்று. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடுங்கால் நம் கண்முன் வந்து நிற்பவர், தமிழகத்தின் மறுகோடியில், குமரி மாவட்டத்து மீனவச் சிற்றூர் ஒன்றில் பிறந்த மைக்கேல் சூசைராஜ்.

அவருடைய ஊர் இரவிபுத்தன்துறை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அடுத்தடுத்து ஒட்டிக் கிடக்கும் கடலோர ஊர்களுள் ஒன்று. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும், இவ்வூர்களின் பங்குகள் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. இங்குள்ள ஆடவர் ஆழ்கடல் தொழிலுக்குப் பேர்போனவர்கள். வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிச் சுறா பிடிப்பவர்கள். தொழிலுக்கு அடுத்தபடியாக இவ்வூரார் நெஞ்சில் இடம்பெற்றது கால்பந்து. ஆலயம் ஒருபுறம், கடல் மறுபுறம், நடுவே பந்து என்று சொல்லிவிடலாம். எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பொழியூரும் இவ்வாறே சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்கள் பலரைத் தந்த மீனவ ஊர்தான். ஆகவே சூசைராஜ் திடீரென முளைத்த அதிசயப் பிள்ளை அல்லர். தலைமுறை தலைமுறையாய் ஓர் ஊர் பேணி வளர்த்த விளையாட்டின் விளைச்சல் அவர். அவருடைய உடன்பிறந்தவரான மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரரே.

1994இல் பிறந்த சூசைராஜ், சென்னை சிட்டி அணியில் ஆடியபோது நாடறிந்தவரானார். 2017–18ஆம் ஆண்டின் ஐ-லீக் போட்டிகளில் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்னும் விருது அவருக்குக் கிடைத்தது. அப்பருவத்தை நாம் எளிதில் மறக்க இயலாது. 2017 நவம்பர் இறுதியில்தான் ஒக்கி புயல் குமரிக் கடலைச் சூறையாடியது; தூத்தூர் வட்டாரத்து ஊர்கள் இழந்த உயிர்கள் அநேகம். அவ்வூர்கள் துயரில் மூழ்கியிருந்த அதே பருவத்தில், அம்மண்ணின் மைந்தர் ஒருவர் பெயர் விளையாட்டுப் பக்கங்களில் அடிபட்டது.

அவர் ஆடிய இடம் திடலின் இடது ஓரம். முன்வரிசையின் நடுவில் நிற்பவர் இலக்குக்காகக் காத்திருப்பார். ஓரத்தில் ஆடுபவரோ கோட்டை ஒட்டி ஓடி, எதிரணிக் காவலரை ஏமாற்றி, பந்தை உள்ளே அனுப்ப வேண்டும். சில வேளை தாமே உள்நோக்கித் திரும்பி உதைக்கவும் வேண்டும். மணலில் ஓடிப் பழகிய கால்களுக்கு இது பொருந்தி வருமென்பது நமது எண்ணம். மணலில் ஓடிக் களைத்தவனுக்குப் புல்தரை ஒரு சலுகைதானே!

2018இல் ஜாம்ஷெட்பூர் அணி அவரை அழைத்துக்கொண்டது. அதன் பயிற்றுநர் ஸ்பெயின் நாட்டவரான சேசர் ஃபெராண்டோ. வேடிக்கை என்னவெனில், சூசைராஜ் விட்டுச் சென்ற சென்னை சிட்டி அணியும் அதே ஆண்டு ஸ்பெயின் ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து, கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி 2018–19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. உருகுவேயில் பிறந்த பேத்ரோ மான்சி மட்டும் 21 கோல்கள் அடித்தார். ஆயினும் அவ்வெற்றி நிலைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் அவ்வணி தேசிய லீக்கிலேயே இல்லாமற்போயிற்று. ஆட்டக்காரரின் வாழ்வு மட்டுமா நிலையற்றது? அவரை ஏற்று நடத்தும் அணியின் வாழ்வும் அத்தகையதே என்பதைப் பெற்றோர் கருத்திற்கொள்வது நலம்.

2019இல் சூசைராஜ் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குச் சென்றார். அங்கும் ஸ்பெயின் பயிற்றுநர்தாம்: அந்தோனியோ லோபஸ் ஹபாஸ். அவர் சூசைராஜை முன்வரிசையோடு நிறுத்தாமல், இடது ஓரம் முழுவதையும் அவரிடமே ஒப்படைத்தார். தாக்கவும் வேண்டும், பின்னோடி வந்து காக்கவும் வேண்டும். பெயர் வாங்கித் தரும் வேலையன்று இது. நுரையீரலைக் கேட்கும் வேலை. 2020 மார்ச் 14ஆம் நாள் கோவாவின் ஃபடோர்டா திடலில் இறுதியாட்டம். எதிரணி சென்னையின் எஃப்.சி. கொரோனா அச்சத்தால் பார்வையாளர் ஒருவரும் அனுமதிக்கப்படவில்லை. ஹாவி ஹெர்னாண்டஸ் இரண்டும் எது கார்சியா ஒன்றும் அடிக்க, 3–1 என ஏடிகே கோப்பையை வென்றது. வெறிச்சோடிய இருக்கைகளுக்கு முன்பாகத் தமிழ் இளைஞர் ஒருவர், தமிழகத் தலைநகரின் அணியை எதிர்த்து வென்று கோப்பை பெற்றார்!

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் 2020 நவம்பர் 20ஆம் நாள், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியுடன் நடைபெற்றது. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகுமுன்னே முழங்காலில் அடிபட்டு சூசைராஜ் வெளியேறினார். முழங்கால் மூட்டுக்குள் இரு நார்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. சிலுவை வடிவாய் அமைந்ததால் மருத்துவர் அவற்றிற்குச் சிலுவையின் பெயரையே இட்டிருக்கின்றனர். விரைந்தோடுபவர் சட்டெனத் திரும்பும்போது மூட்டு நிலைகுலையாமல் காப்பது அவற்றுள் முன்னுள்ளது. அது முற்றிலும் அறுந்தால் தானாக ஒட்டுவதில்லை. உடலின் வேறோர் இடத்திலிருந்து நார் எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்த வேண்டும். அதன்பின் நடை பழகி, ஓட்டம் பழகி, மீண்டும் அச்சமின்றித் திரும்பப் பழக ஒன்பது மாதமோ ஓராண்டோ ஆகும். சூசைராஜ் அப்பருவம் முழுவதும் ஆடவில்லை. அப்போது அவருக்கு வயது 26. ஓட்டக்காரரின் கால்கள் உச்சத்தில் இருக்கும் வயது.

அன்னையரின் கேள்விக்கு வருவோம். சோறு கிடைக்கும், ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே, அதுவும் முழங்கால் ஒத்துழைத்தால். பிள்ளையின் பள்ளிப் படிப்பை நிறுத்திப் பந்தை மட்டும் நம்பச் சொல்வதற்கு நமக்குத் துணிவில்லை. பந்தைப் பிடுங்கி எறியவும் மனமில்லை. ஏனெனில் நம் கரையில் பிடுங்கப்பட்டு வருவது பந்து அன்று, மணலே. புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980களில் கடலுக்குள் கல்சுவர் எழுப்பப்பட்ட பின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடைபட்டது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி என வடபுறத்து ஊர்களின் கரையைக் கடல் தின்று வருகிறது. அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின்மேல் பந்து விளையாட முடியுமா? சாலைக்கு மேற்கே ஒரு சிறு திடலேனும் சிறுவர்களுக்கென ஒதுக்கப்படுமாயின், அங்கே மாலையில் பயிற்சி தர முன்வரும் இளைஞர் கிடைக்காமற்போகார்.

சூசைராஜ் மீண்டும் திடலுக்குத் திரும்பினார். 2022இல் ஒடிசா அணி அவரை ஏற்றுக்கொண்டது.