குடைமிளகாய் மணக்கும் திராட்சை மது

திராட்சை வளர்ப்பையும் திராட்சை மது தயாரிப்பையும் ஒரு சர்வகலாசாலையில் முதுநிலைப் பாடமாகக் கற்பிக்கிறார்கள் என்று சொன்னால், நம்மவரில் பலர் முதலில் சிரிப்பார்கள். குடிப்பதற்குமா பட்டம் என்று கேட்பார்கள். கலிபோர்னியாவில் டேவிஸ் என்னும் சிறு நகரத்திலுள்ள பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடம் நடக்கும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு நீடிக்காது. மாணவனுக்கு முன்னால் வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள். எல்லாவற்றிலும் மணம் குறைந்த ஒரே சாதாரண மது. ஆனால் ஒன்றில் ஒரு கிராம்பு, ஒன்றில் துளி ஸ்ட்ராபெர்ரி ஜாம், இன்னொன்றில் நகக்கண் அளவு பச்சைக் குடைமிளகாய். மூடியைத் தூக்கி முகர்ந்து, இன்னது என்று அவன் பெயர் எழுத வேண்டும். தினமும் அடுக்களையில் புழங்கும் குடைமிளகாயைக் கண்ணால் பாராமல் மூக்கால் மட்டும் அறிந்து சொல்வது எத்தனை கஷ்டம் என்பது அப்போதுதான் விளங்கும்.

1974-ஆம் ஆண்டு இப்பாடத்தை நடத்தும் துறையில் சேர்ந்த ஆன் நோபல் என்ற பேராசிரியை பரப்பிய முறை இது. ‘கம்பீரமான மது’, ‘நாசூக்கான மது’ என்பன போன்ற அலங்கார வார்த்தைகளை ஒதுக்கிவிட்டு, யார் முகர்ந்தாலும் ஒத்துக்கொள்ளக்கூடிய சொற்களை மட்டும் ஒரு சக்கரத்தில் வகைப்படுத்தி, 1980-களில் அவர் வெளியிட்ட வாசனைச் சக்கரம் இன்று உலகெங்கும் மதுவை ஆராய்வோர் கையில் இருக்கிறது.

கலை, ரசனை என்ற நினைப்போடு வருகிறவனை இங்கே வாசலில் எதிர்கொள்வது கால்குலஸும் கரிம ரசாயனமும் பௌதிகமும் புள்ளியியலும்தான். 1880-இல் மாநிலச் சட்டசபையின் ஆணையால் தொடங்கி, மதுவிலக்கு அமலில் இருந்த 1920 முதல் 1933 வரை முடங்கி, பிறகு டேவிஸில் மறுபிறவி எடுத்த இந்தத் துறையின் பாடதிட்டம் முழுவதையும் விவரிக்கப் புகுந்தால் பட்டியலாகிவிடும். அந்தக் குடைமிளகாய் மணம் ஒன்றையே பின்தொடர்ந்து போனால் போதும். தோட்டம் முதல் பீப்பாய் வரை அது நம்மை அழைத்துச் செல்லும்.

காபர்னே சொவின்யோன் என்னும் புகழ்பெற்ற கறுப்புத் திராட்சையில் இம்மணம் இயற்கையாகவே உண்டு. அதற்குக் காரணம் பைரசின் வகையைச் சேர்ந்த ஒரு ரசாயனப் பொருள். ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுக்கு நானோகிராம் என்று பெயர்; ஒரு லிட்டர் தண்ணீரில் அப்படிப்பட்ட இரண்டு கூறுகள் கலந்திருந்தாலே மனித நாசி கண்டுகொள்ளும். சிறிதளவு இருந்தால் மதுவுக்கு அது தனித்துவம். மிஞ்சினால் வெந்த காய்கறி நாற்றம்.

பழம் முதிர முதிர இப்பொருள் குறைகிறது. குலைமேல் வெயில் பட்டாலும் குறைகிறது. ஆகவே குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிவிடுவது ஒரு பரிகாரம். கேட்பதற்கு எளிய வேலை. ஆனால், கலிபோர்னியாவின் கடும் வெயிலில் இலை முழுவதையும் கிள்ளிவிட்டால் பழம் வெந்துபோகும் என்பதால், காலை வெயில் விழும் பக்கத்தில் மட்டும் கிள்ளுவதா, பிஞ்சுப் பருவத்திலா, நிறம் ஏறும் தறுவாயிலா, எத்தனை இலை என்பதையெல்லாம் கொடி கொடியாகக் கணக்கெடுத்து முடிவு செய்வதே ஒரு மாணவனின் இரண்டு வருஷ ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் போதும்.

எந்த ஊரில் எந்தக் கொடியை நடுவது என்பதற்கு இதே துறையைச் சேர்ந்த அமரீன், விங்க்ளர் என்ற இருவரும் 1944-இல் ஒரு கணக்கு வகுத்தார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஒவ்வொரு நாளின் சராசரி உஷ்ணத்திலிருந்து 50 பாரன்ஹீட் டிகிரியைக் கழித்து, மிச்சத்தை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால் வரும் தொகையைக்கொண்டு கலிபோர்னியாவை ஐந்து மண்டலங்களாகப் பிரித்தார்கள். 2500-க்கு உட்பட்டது முதல் மண்டலம், 4000-க்கு மேற்பட்டது ஐந்தாவது. அழகான கணக்கு, இன்றைக்கும் பாடத்தில் உண்டு. ஆனால் கணக்கில் காற்றுக்கு இடமில்லை. பசிபிக் கடலிலிருந்து மத்தியானந்தோறும் குளிர்காற்று வீசும் மான்டெரே வட்டாரத்தின் சலினாஸ் பள்ளத்தாக்கில் பெருமளவில் காபர்னே நட்டவர்கள், 1970-களில் அதைப் பிழிந்து மதுவாக்கியபோது, எழுந்தது சாட்சாத் குடைமிளகாய் மணமே. ‘மான்டெரே காய்கறி’ என்று பரிகாசப் பெயரே நிலைத்துவிட்டது. வாய்பாட்டை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும் அது எங்கே பொய்த்தது என்று அறிவதே மேற்படிப்பு என்பது என் அபிப்பிராயம்.

இந்த மணத்தின் பூர்வோத்தரமும் டேவிஸிலேதான் துலங்கியது. 1997-இல் ஜான் பவர்ஸ், கரோல் மெரிடித் ஆகிய இருவரும் மரபணுச் சோதனை நடத்தி, காபர்னே சொவின்யோனின் பெற்றோர் காபர்னே ஃபிராங்க் என்ற கறுப்புத் திராட்சையும் சொவின்யோன் பிளான் என்ற வெள்ளைத் திராட்சையுமே என்று நிரூபித்தார்கள். கறுப்புக்கு வெள்ளை பெற்றோரா என்று திகைத்தவர்கள், மூன்றிலும் குடைமிளகாய் மணம் இருப்பதை எண்ணிப் பார்த்திருந்தால் அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவே மாணவனுக்கு உண்மையில் பற்றாக்குறையாக இருப்பது காலம். நம் கம்பம் பள்ளத்தாக்கில், பனிக்காலம் என்ற ஓய்வே அறியாத பன்னீர்த் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்து ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பந்தலிலிருந்து பழம் பறிக்கலாம். கலிபோர்னியாக் கொடியோ குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் ஒரே ஒரு மகசூல் தருவது. இரண்டு வருஷப் படிப்பில் இரண்டே அறுவடை. செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்குவதற்குள் அதிலும் பாதி தீர்ந்திருக்கும். இதனால்தான் பட்டம் பெற்றதும் பலர், வடக்கே கொடி உறங்கும் மாதங்களில், பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஆஸ்திரேலியாவுக்கோ சிலிக்கோ போய் அங்கே பிப்ரவரி, மார்ச்சில் இன்னொரு அறுவடையில் உழைக்கிறார்கள்.

முன்சொன்ன இலை கிள்ளும் ஆராய்ச்சியில், கிள்ளிய கொடிகளின் பழத்தைத் தனியாகவும், கிள்ளாதவற்றைத் தனியாகவும் நொதிக்கவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு பரீட்சை வரும். நிறம் காட்டிக்கொடுத்துவிடாதபடி சிவப்பு விளக்கு எரியும் அறையில், ருசி பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் மூன்று கிண்ணங்கள். இரண்டில் ஒரே மது, ஒன்றில் வேறு. வேறானது எது என்று சொல்லிவிட்டு, வாயிலுள்ளதை உமிழ்ந்துவிட வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாகிவிடுமாதலால், புள்ளியியல் இங்கே மறுபடி தலைகாட்டுகிறது. பல சமயங்களில், இரண்டுக்கும் வித்தியாசம் காண முடியவில்லை என்பதே முடிவாக வரும். அதையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் ஆய்வேடாக ஏற்றுக்கொள்வார்கள். மறுபடி செய்து பார்க்க விரும்புகிறவன் மட்டும் அடுத்த ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டும்.