மணலிக்கு வந்த பிடில்

சுண்ணாம்புக்குளத்துப் பிள்ளைகளுக்குத் தங்கூசி இழையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலைக்கு வாங்கியதில் மிஞ்சிய ஒரு முழத்தை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே விறைப்பாகக் கட்டிச் சுண்டிப் பாருங்கள். இன்னும் இழுத்துக் கட்டினால் சுருதி ஏறும். நட்டநடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பாதியைச் சுண்டினால், அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும்.

சுண்டிய ஓசை சட்டென்று அடங்கிவிடுகிறது. பிடிலில் மட்டும் எப்படி நீள்கிறது?

பிடில் வில்லில் இருப்பது குதிரைவால் மயிர். அதில் பைன் மரப் பிசினிலிருந்து எடுத்த ரோசனத்தைத் தேய்ப்பார்கள். ரோசனம் ஏறிய மயிர் தந்தியைப் பற்றி இழுக்கும். விறைப்பு தாங்காமல் தந்தி வழுக்கித் திரும்பும். மயிர் மறுபடி பற்றும். 440 அதிர்வுக்குச் சுருதி கூட்டிய தந்தியில் இது விநாடிக்கு 440 தடவை நடக்கிறது! 1860-களில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் நுண்ணோக்கி வைத்து ஆராய்ந்து, தந்தியில் ஒரு சிறு மடிப்பு இங்குமங்கும் ஓடித் திரும்புகிறது என்று கண்டறிந்தார்.

இந்தப் பிடிலில் வாசிக்கும் ஆட்ட மெட்டுகளும் உண்டு. இங்கிலாந்தின் ஹார்ன்பைப் அப்படி ஒன்று. மாட்டுக்கொம்பு பொருத்திய ஊதுகுழலின் பெயர் அது; அதற்கு ஆடிய ஆட்டத்துக்கும் மெட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய மெட்டுகள் மும்மூன்றாக எண்ணும் தாளம். 1717-ல் தேம்ஸ் நதியில் படகில் வாசிக்கப்பட்ட, இசையமைப்பாளர் ஹேண்டலின் இசையில் அந்த வகையைக் கேட்கலாம். பிறகு தாளம் நான்குக்கு மாறியது, மெட்டுகள் பிடில்காரர் கைக்கு வந்தன, மாலுமிகளின் ஆட்டம் என்றே பெயரும் எடுத்தது.

கப்பலேறி வந்த பிடிலை நம் இசைக்குப் பழக்கிய இடம் சுண்ணாம்புக்குளத்துக்குத் தெற்கே இருக்கும் மணலி. அங்கே முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஓர் ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டு பிடில் கற்றார். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர், வெள்ளைக்காரர் வாசித்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் பாட்டுக் கட்டினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். 'வந்தே மீனாட்சி' அயர்லாந்து ஆட்ட மெட்டான 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'வில் அமைந்தது. எல்லாம் சங்கராபரண ராகத்தில்தான்; மேல்நாட்டு மேஜர் வரிசையின் ஸ்வரங்களும் அந்த ராகத்தின் ஸ்வரங்களே.

எனக்கு இதில் பெரிய அதிசயம் பாலுசுவாமியின் விரல்கள்தான். வீணையில் விரல் வைக்கும் இடம் காட்டும் கட்டைகள் பதித்திருக்கும், பிடிலில் அவை இல்லை. விரல் வழுக்கிக்கொண்டே போனால், ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் பிறக்கும். இன்று நம் வித்வான்கள் சம்மணமிட்டு, பிடிலின் தலையை வலது பாதத்தில் சாய்த்து வாசிப்பதும் அதற்காகவே: வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லாததால், இடது கை தந்தி நெடுக ஓடலாம்.