ஏர் பிடித்த முன்னோரைத் தேடுவோம்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது என்பர் பெரியோர். ஆனால் நம் குடும்பத்தின் மூலத்தைத் தேடுவது பெருமை பேசுவதற்கன்று, நன்றி செலுத்துவதற்கே. தாய் தந்தையரைப் போற்றச் சொல்லும் நான்காம் கட்டளை, அவர்களைப் பெற்றவர்களையும் மறக்கச் சொல்லவில்லையே!

காஞ்சிக்கு மேற்கே உள்ள திருப்புட்குழியில், 1870-ஆம் ஆண்டு வாக்கில் ஏர் பிடித்த ஒருவரைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். எங்கே தொடங்குவது?

முதற்படி வீட்டுத் திண்ணை. பாட்டனின் பெயரைத் தாங்குபவனே பேரன். ஆகவே ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் வரும். தகப்பனார் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால்தான் குழப்பம் தீரும். "தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர்" என்று பாட்டி சொன்னால், அது 1876-77 ஆகும். அறுபது ஆண்டுக்கொரு முறை அதே பெயர் திரும்புவதால், பஞ்சம் என்ற சொல்லே நமக்குச் சரியான ஆண்டைக் காட்டுகிறது.

இரண்டாம் படி நிலம். அந்நாளில் இவ்வூர் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. ரயத்துவாரி முறையில் அரசாங்கம் பயிரிடுவோர் பெயரிலேயே பட்டா கொடுத்து வரி வாங்கியது. எனவே புல எண் தெரிந்தால் பட்டாதாரர் பெயரைத் தேடலாம். கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தபின் ஊர்க் கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தன. பழைய வருவாய் ஆவணங்கள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பழைய கிரயப் பத்திரம் கிடைத்தால் செக்குபந்தியைப் படியுங்கள். நான்கு எல்லைகளிலும் இருந்த அண்டை நிலத்துக்காரர் பெயர்கள் அதில் இருக்கும்.

ஆனால் பட்டாவில் இல்லாதவர்களும் ஏர் பிடித்தார்கள் அல்லவா? நிலமின்றிப் பிறர் வயலில் உழைத்தவர்களின் துயரத்தைச் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் அறிக்கையாக எழுதினார். அதன் பயனாகவே பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. நாற்று நட்டு, களை பறித்த பெண்களின் பெயர்களும் பட்டாக்களில் பெரும்பாலும் இல்லை.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஊரில் இருந்தவர்களின் பெயர் எழுதப்படவில்லை. கப்பலேறிப் போன கூலியாட்களின் பெயர் எழுதப்பட்டது! 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற 'ட்ரூரோ' கப்பல் முதலாக, ஆண், பெண் ஒவ்வொருவரின் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர் யாவும் பட்டியலில் உள்ளன. மொரிஷியஸ் சென்றவர்களின் பதிவேடுகள் அந்நாட்டின் மோக்கா நகரில், மகாத்மா காந்தி நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. உறவினர் கடல் கடந்திருந்தால், அங்கிருந்து நம் ஊருக்கு வழி பிறக்கலாம்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மற்றொரு துணை, பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு. அதில் குழந்தையின் பெயருடன் தாய் தந்தையர் பெயரும், ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். நிலக்கணக்கு மறந்த தாயை அந்தப் பதிவேடு மறக்கவில்லை.

அன்பு மாணவியரே, ஏடுகள் காத்திருக்கும். பாட்டிமார் காத்திருக்க மாட்டார்கள். இவ்விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் அமர்வோம். முதற் பக்கத்தில் பாட்டியின் தாயார் பெயரை எழுதுவோம். எந்தப் பட்டாவிலும் இல்லாத அப்பெயர், நம் கையெழுத்திலாவது நிலைக்கட்டும்!