டைல்ஸ் தண்ணீரைத் தடுக்குமா?

குளியலறையில் பளபளவென்று டைல்ஸ் பதித்திருக்கும். தண்ணீர் ஊற்றியதும் ஓடி வடிந்துவிடும். ஆனாலும் சில வீடுகளில், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்து வெள்ளையடித்த பூச்சு உரிகிறது. தண்ணீர் எப்படி இறங்கியது?

டைல்ஸ் மேல் குற்றமில்லை. விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூட உறிஞ்சாது. ஆனால் டைல்ஸுக்கு நடுவிலுள்ள இடுக்கை அடைப்பது பெரும்பாலும் சிமென்ட் கலந்த பொடி. அதிலும், அடியிலுள்ள கான்கிரீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. சிமென்ட் வினைபுரிந்து இறுக, அதன் எடையில் கால் பங்கு தண்ணீர் ஏறக்குறையப் போதும். கலவை இளக்கமாக இருந்தால்தான் வேலை ஓடும் என்பதால் அதைவிடக் கூடுதலாக ஊற்றுகிறார்கள். மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போன இடம் துளையாக நின்றுவிடுகிறது.

சின்னத் துளைதானே என்று விட முடியாது. 1 மி.மீ. துளையுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தானாகவே சுமார் 3 செ.மீ. ஏறும். துளை 0.1 மி.மீ. ஆனால் சுமார் 30 செ.மீ. ஏறும்! இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். ஒரு சாக்பீஸை மை கலந்த தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள், மை மேலே ஏறுவது தெரியும். குளியலறைத் தளத்திலும் இப்படித்தான் ஈரம் எல்லாத் திசையிலும் பரவுகிறது. அது உள்ளிருக்கும் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட்டே வெடித்து உதிரும்.

அதனால் தண்ணீரை நிறுத்த வேண்டிய இடம் டைல்ஸுக்கு அடியில்தான். முதலில் தளத்தைச் சுத்தம் செய்து, விரிசல்களை வெட்டி அகலமாக்கிக் கலவையால் அடைப்பார்கள். குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெயிலிலும் வெந்நீரிலும் பி.வி.சி. குழாய் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்கும். அங்கே இடைவெளி விழுவது வெகு சுலபம்.

பிறகு சிமென்ட்டோடு பால்போன்ற ஒரு திரவத்தைக் கலந்து பூசுவார்கள். அந்தத் திரவத்தில் மிக நுண்ணிய பாலிமர் உருண்டைகள் மிதக்கின்றன. தண்ணீர் காய்ந்ததும் அவை நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளியில்லாத படலமாகின்றன. முதல் பூச்சு நெடுக்காக, அது காய்ந்தபின் இரண்டாவது குறுக்காக. ஒன்றில் விட்டுப்போன இடத்தை மற்றது மூடிவிடும். தரையும் சுவரும் சேரும் மூலையை வளைவாக்கி, சுவரிலும் ஓர் அடிக்காவது பூச்சை ஏற்றுவார்கள்.

இத்தனை செய்தாலும் சோதிக்காமல் நம்பக் கூடாது. பூச்சு நன்றாகக் காய்ந்தபின் வடிகாலை அடைத்து, தண்ணீர் தேக்கி, ஒன்றிரண்டு நாள் விட்டு, கீழ்க்கூரையைப் பார்க்க வேண்டும். பலரும் அவசரத்தில் தவிர்ப்பது இதைத்தான். கசிவு இப்போதே தெரிந்தால் ஓரிடத்தில் மீண்டும் பூசினால் போதும். டைல்ஸ் பதித்தபின் தெரிந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் குளியலறை வேலை நடந்தால், டைல்ஸ் பெட்டியைப் பிரிக்கும் முன் மேஸ்திரியிடம் கேளுங்கள்: "அண்ணா, தண்ணீர் தேக்கிப் பார்த்தாச்சா?"