போர், அமைதி, விடுதலை: கொடும்பாளூர் இருக்குவேளிர் வரலாறு உணர்த்தும் பாடங்கள்

ஆய்வுச்சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர், பல்லவர், பாண்டியர், சோழர் ஆகிய பேரரசுகளின் எல்லையில் வாழ்ந்த குறுநிலத் தலைவர்கள். மூவர் கோயில் கல்வெட்டு, பெரியபுராணத்து இடங்கழி நாயனார் வரலாறு, சோழர் காலக் கல்வெட்டுக் குறிப்புகள் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு, போர், அமைதி, விடுதலை ஆகிய மூன்றும் இத்தலைவர்களின் வாழ்வில் எவ்வாறு ஒன்றுக்கொன்று விலையாயின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொடும்பாளூர், இருக்குவேளிர், மூவர் கோயில், பூதி விக்கிரமகேசரி, இடங்கழி நாயனார், தன்னாட்சி.

முன்னுரை

போரையும் அமைதியையும் பற்றிய பாடங்களைப் பேரரசர்களின் வரலாற்றிலிருந்து பெறுவதே பெரும்பான்மை வழக்கம். ஆயினும் பேரரசர் போரைத் தொடங்குபவர். அதன் சுமையை முதலில் தாங்குபவர் எல்லைப்புறத்துச் சிற்றரசரும் அவர்தம் குடிகளுமே. ஆகவே இப்பொருளைச் சிற்றரசர் நிலையிலிருந்து நோக்குவது தேவையாகிறது. அதற்குக் கொடும்பாளூர் தக்க சான்றாக அமைகிறது. ‘விடுதலை’ என்னும் சொல் இங்கு இரு பொருளில் ஆளப்படுகிறது. ஒன்று, ஒரு குறுநிலம் தன்னைத் தானே ஆளும் உரிமை. மற்றொன்று, ஆட்சியாளரின் தண்டத்திலிருந்து குடிமகன் பெறும் பாதுகாப்பு.

வழியும் போர்க்களமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் விராலிமலையை அடுத்து அமைந்துள்ளது கொடும்பாளூர். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குச் செல்லும் வழிகள் மூன்றாகப் பிரியும் இடமாகக் கொடும்பை நெடுங்குளம் சுட்டப்படுகிறது. சோழநாட்டையும் பாண்டியநாட்டையும் இணைத்த இவ்வழியே படைகளின் வழியாகவும் ஆயிற்று. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வேள்விக்குடிச் செப்பேடு, பாண்டியன் இராசசிம்மன் பல்லவரை வென்ற களங்களுள் ஒன்றாகக் கொடும்பாளூரைக் குறிப்பிடுகிறது. இருபெரும் அரசுகள் மோதிக்கொள்ளும் நிலத்தில் அமர்ந்திருந்த தலைவனுக்கு, எப்பக்கமும் சாராதிருத்தல் எளிதன்று.

கல்வெட்டில் போரும் கொடையும்

மூவர் கோயிலின் நடுக்கோயில் சுவரில் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டு இருக்குவேளிரின் மரபு வரிசையைத் தருகிறது. அதன் தொடக்கப்பகுதி சிதைந்துள்ளது. எஞ்சிய பகுதியில் மன்னர் பலரும் போரின் வழியே அடையாளம் பெறுகின்றனர். பகைவர் கோட்டைகளை அழித்தவன் எனப் பொருள்படும் பரதுர்க்கமர்த்தனன் வாதாபியை வென்றவனாகப் போற்றப்படுகிறான். சமராபிராமன் அதிராசமங்கலப் போரில் சளுக்கியைக் கொன்றவன். சோழன் மகள் அநுபமாவை மணந்தவன். இவர்கள் மகன் பூதி விக்கிரமகேசரி. அவன் பல்லவர் படையின் குருதியால் காவிரி நீரைச் சிவக்கச் செய்தான் என்றும், வீரபாண்டியனை வென்றான் என்றும், வஞ்சிவேளை அழித்தான் என்றும் கல்வெட்டு கூறுகிறது.

இவ்வெற்றிகளின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பல்லவர் என்ற குறிப்பைக் கொண்டு பூதியை முதலாம் ஆதித்தன் காலத்தவன் (கி.பி. 871–907) என்பர் ஒரு சாரார். வீரபாண்டியன் என்ற குறிப்பைக் கொண்டு, பத்தாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆண்ட சுந்தரசோழன் காலத்தவன் என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், எப்பகைவன் எப்போது வீழ்ந்தான் என்பதே ஐயத்திற்கு உரியதாகிவிட்டது.

கல்வெட்டின் இறுதிப்பகுதியில் இத்தகைய ஐயம் இல்லை. பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், தேவியர் கற்றளி, வரகுணா ஆகியோர் பெயராலும் மூன்று கோயில்களை எடுத்தான். அவற்றுள் இரண்டு இன்றும் நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. அத்துடன் பெரிய மடம் ஒன்றை மல்லிகார்ச்சுனர் என்னும் ஆசிரியருக்கு வழங்கினான். காளாமுகத் துறவியர் ஐம்பதின்மரை உண்பிக்கப் பதினோர் ஊர்களை அம்மடத்திற்கு அளித்தான். இம்மல்லிகார்ச்சுனர் மதுரையைச் சேர்ந்தவர் என ஆய்வாளர் கொள்வர். பாண்டியனை வென்றதாகப் பெருமை கொள்ளும் அதே கல்வெட்டு, பாண்டியர் தலைநகரிலிருந்து வந்தவரை ஆசிரியராக ஏற்கிறது. மன்னர்க்கிடையே பகை மூண்ட காலத்தும் நாடுகளுக்கிடையே கல்வியும் சமயமும் வழிமாறாது சென்றன என்பதை இதனால் அறியமுடிகிறது.

உறவால் பெற்ற அமைதி

வேளிர் மரபினருள் பறம்பின் பாரி மூவேந்தரின் முற்றுகைக்குப் பணியாது தன்னாட்சியைக் காத்தான், உயிரை இழந்தான். புறநானூற்றின் கபிலர் பாடல்கள் இதற்குச் சான்று. கொடும்பாளூர் வேளிர் தேர்ந்த வழி வேறு. அவர்கள் மணவுறவால் சோழரோடு இணைந்தனர். அநுபமா இக்குடிக்கு மருமகளாக வந்தாள். தென்னவன் இளங்கோவேளாரின் மகள் பூதி ஆதித்த பிடாரி, முதலாம் பராந்தகன் மகன் அரிகுலகேசரியை மணந்தாள். திருச்செந்துறைக் கற்றளியை எடுப்பித்தவளும் இவளே.

இவ்வுறவின் தன்மையைப் பெயர்களே காட்டுகின்றன. ‘தென்னவன்’ பாண்டியரைக் குறிக்கும் பெயர். இம்மரபில் அதனோடு ‘செம்பியன் இருக்குவேள்’ என்னும் சோழச் சார்புடைய பெயரும் வழங்கியது. பூதி விக்கிரமகேசரியின் மைந்தர் பெயர்கள் பராந்தகன், ஆதித்தவர்மன் என்பன. இவை சோழ அரசகுலத்துப் பெயர்கள். தலைவன் யாரைச் சார்ந்து நின்றான் என்பது அவன் மக்களுக்கு இட்ட பெயரிலேயே பதிவாகியிருக்கிறது.

இந்த அமைதிக்கு விலையும் இருந்தது. சுந்தரசோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில் கொடும்பாளூர்ப் பராந்தகன் சிறியவேளான் ஈழப்போரில் பட்டான் என்பதை முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. மகாவம்சம் குறிப்பிடும் ஒரு படையெடுப்பை ஆய்வாளர் இப்போரோடு பொருத்திப் பார்ப்பர். அது உடன்படிக்கையில் முடிந்ததாக அந்நூல் உரைக்கிறது. சோழனும் ஈழமன்னனும் உடன்பட்டபோது கொடும்பாளூர் தன் தலைவனை இழந்திருந்தது. முன்பு தன் வாயிலில் நிகழ்ந்த போரைத் தவிர்த்த குடி, பின்பு கடல்கடந்த பிறர் போரில் உயிர் கொடுத்தது. பதினோராம் நூற்றாண்டிற்குப் பின் இம்மரபினர் தனி ஆட்சியாளராகப் பேசப்படுவதும் அருகிவிடுகிறது.

நெற்பண்டாரமும் நீதியும்

விடுதலையின் இரண்டாம் பொருளுக்கு இடங்கழி நாயனார் வரலாறு சான்றாகிறது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இவரைப் போற்றுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இவர் வரலாற்றை விரித்துரைத்தார். அடியாரை உண்பிக்கும் வழக்கமுடைய ஒருவர், பொருள் முட்டுப்பட்டமையால் நள்ளிரவில் அரசனது நெற்பண்டாரத்தில் புகுந்தார். காவலர் அவரைப் பற்றி மன்னன்முன் நிறுத்தினர். மன்னன் தண்டம் விதிக்கும் முன் காரணம் வினவினான். காரணம் அறிந்து வருந்தி அவரை விடுவித்தான். அடியார்கள் நெற்பண்டாரத்தை மட்டுமன்றி நிதியையும் எடுத்துச்செல்லலாம் எனப் பறையறைவித்தான்.

இது சமய இலக்கியம் தரும் செய்தி. கல்வெட்டுச் சான்றுக்கு நிகராகக் கொள்ளத்தக்கதன்று. மேலும் இவ்வுரிமை அடியாருக்கே வழங்கப்பட்டது. பசித்தவர் அனைவருக்கும் அன்று. இவ்வரம்புகளை ஏற்றுக்கொண்டாலும் இரண்டு கருத்துகள் நிலைபெறுகின்றன. முதலாவது, அதிகாரம் தண்டிக்கும் முன் வினவ வேண்டும். இரண்டாவது, குற்றத்தின் காரணம் வறுமையாயின் திருத்தம் பெறவேண்டியது பண்டாரமே. சோழப் பேரரசின் உச்சகாலத்தில் எழுதிய சேக்கிழார், கொடும்பாளூர் மன்னனை நினைவுகூர்ந்தது அவன் திறந்துவிட்ட களஞ்சியத்திற்காக என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகளைப் பெறலாம்.

1. போர்வெற்றி கல்லில் பொறிக்கப்பட்டும் அதன் காலமும் பகைவனும் ஐயத்திற்கு உரியனவாயின. கோயிலும் கொடையும் ஐயத்திற்கு இடமின்றி நிலைத்தன.

2. வலிய அரசைச் சார்ந்து பெறும் அமைதி வீட்டு வாயிலில் போரைத் தடுக்கும். ஆயினும் எப்போரில் ஈடுபடுவது என்று தேரும் உரிமையைப் பறிக்கும். பாரியின் வழியும் கொடும்பாளூரின் வழியும் இழப்பற்றவை அல்ல.

3. எல்லையைக் காப்பதோடு ஒரு நாட்டின் விடுதலை நிறைவுறுவதில்லை. பிடிபட்டவனிடம் காரணம் கேட்கும் ஆட்சியிலேயே அது குடிமகனைச் சென்றடைகிறது.

சிறியவேளான் தன் போரைத் தானே தேர்ந்தானா என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. பேரரசுகளுக்கிடையே நின்று கூட்டுச் சேரும் சிறிய நாடுகள் இன்றும் விடை காணவேண்டிய வினா அது.