மனசுக்கும் வடிகால் வேண்டும்!

சைக்கோ படம் என்றால் கத்தி, ரத்தம், அவ்வளவுதானா? 2001-ல் வந்த 'ஆளவந்தான்' படத்தை எடுத்துக்கொள்வோம். கமல்ஹாசன் எழுதிய 'தாயம்' நாவல்தான் கதை. இரட்டைப் பிள்ளைகள் இருவருமே கமல்தான். மாற்றாந்தாய் கொடுமையில் சிக்கிய நந்து கொலைகாரன் ஆகிறான். மாமாவிடம் வளர்ந்த விஜய் கமாண்டோ ஆகிறான். ஒரே ரத்தம்தானே? அரவணைக்க ஓர் ஆள் இருந்ததுதான் வித்தியாசம்!

அடிபட்ட பிள்ளையெல்லாம் நந்து ஆவதில்லை, அது சினிமா. ஆனால் வலி நிஜம். எங்கப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பார். யாரிடமும் நான் சொன்னதில்லை. ஒருநாள் ராத்திரி ஹாஸ்டலில் அறை நண்பன், "ஏன்டா, இன்னும் தூங்கலியா?" என்றான். விடிய விடியப் பேசினேன்.

வடிகால் தூர்ந்தால் வயல் முழுகும். தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாததா? பக்கத்துக் கட்டிலில் தூங்காதவன் இருந்தால், நீங்களும் கேளுங்கள்!